வெட்டும் கையும் வார்க்கும் அச்சும்

கருவி எளிதாகுந்தோறும் கலை உயரும் என்பது பலர் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் மெய்யன்று. கருவி எவர் கையில் உள்ளது என்பதினும், அக் கையை இயக்கும் கருத்து எவருடையது என்பதே தலையாய வினாவாகும். அமெரிக்க நாட்டுச் சுவைஞர்கள் தாமே தொகுத்துவரும் பாட்டுக் காணொளிகளின் ஐம்பதாண்டு வரலாறு இதற்கொரு நல்ல சான்று.

பிறர் எடுத்த தொலைக்காட்சித் தொடரினின்றோ அசைபடத்தினின்றோ காட்சிகளை வெட்டியெடுத்து, தாம் விரும்பிய பாட்டொன்றோடு பொருத்தி, அத் தொடரைப் பற்றித் தாம் கொண்ட கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்துவதே இக் கலை. பொருள் ஈட்டுதற்கு அன்று. பற்றினால் பிறந்தது இது.

'இசுடார் திரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடர் 1969-இல் நின்றுபோயிற்று. அதன்மேற் கொண்ட ஆர்வம் தணியாத கேண்டி பாங் என்னும் பெண்மணி, படச்சுருளினின்று வெட்டிக் கழிக்கப்பட்ட துண்டுகளைப் படவில்லைகளாக்கி, 1975-இல் பாட்டொன்றுக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வீழ்த்திக் காட்டினார். பாட்டு ஓடிற்று, படம் அசையவில்லை. எனினும், கழிவென்று தள்ளப்பட்டவற்றினின்றே புதுப்பொருள் பிறந்தது.

அடுத்து வந்தது ஒளிநாடாக் காலம். வீட்டு நாடாப்பதிவிகள் இரண்டை இணைத்து, ஒன்றில் ஓடும் காட்சியை மற்றொன்றிற் பதிந்தனர். தொலைக்காட்சித் தொடர்களைக் கொண்டு இவ்வாறு தொகுத்தோருள் பெரும்பாலார் பெண்டிரே. பதிவியை நிறுத்தினால் நாடா சிறிது பின்னோக்கி நகரும். அவ்வளவையும் கணக்கிட்டே அடுத்த காட்சியைத் தொடங்கல் வேண்டும். பாட்டின் ஒவ்வோர் அடியையும் கடிகையால் நொடிக்கணக்கில் அளந்து குறித்துக்கொண்டனர். படிமேற் படியெடுக்கப் படம் மங்கிற்று. ஆதலின் வெட்டுகள் குறைந்தன; காட்சிகள் நீண்டன; ஒரு முகத்தின் குறிப்பு முழுதும் விளங்குமட்டும் படம் நின்றது. கருவியின் குறையே நடைக்கு இலக்கணமாயிற்று. எக்காட்சி வேண்டும், ஏன் வேண்டும் என்று எண்ணாமல் ஒரு துண்டையேனும் வைத்தல் இயலாதிருந்தது.

அசைபடத் துறையில் இவ்வகைக்கு முதலாவதெனக் கூறப்படுவது 1982-இல் சிம் கபோசுடாசு என்பார் தொகுத்த காணொளியாகும். சப்பானியத் தொடரொன்றின் அமெரிக்க வடிவமான 'இசுடார் பிளேசர்சி'னின்று கொடும் போர்க்காட்சிகளை எடுத்து, அன்பைப் போற்றும் பீட்டில்சு குழுவினர் பாட்டொன்றோடு அவர் இணைத்தார். அம் முரணே நகையாயிற்று. அந் நகை படத்திலும் இல்லை, பாட்டிலும் இல்லை, இரண்டையும் அருகருகே வைத்த கருத்தில் இருந்தது.

1990-களின் இறுதியில் இக் கலைக்குக் கணிப்பொறி வந்தது. நொடிக்கு 30 படச்சட்டங்கள். அவற்றுள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தொட்டு வெட்டலாம் என்றாயிற்று. தாளத்தின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வெட்டு; பாட்டின் சொல்லுக்கேற்ற வாயசைவு; படத்தின்மேற் படம் என நடை விரைந்தது. 2005-இல் 'யூடியூபு' தோன்றவே, கூட்டங்களிலும் சிறு குழுக்களிலும் மட்டும் காட்டப்பட்டவை உலகெங்கும் பரவின. 2010-இல் அமெரிக்க அரசு, வணிக நோக்கமின்றித் திறனாயும் காணொளிகளுக்காக, ஒளிவட்டின் காப்புப் பூட்டைத் திறந்து சிறு காட்சிகளை எடுத்துக்கொள்ள விலக்களித்தது. வெட்டி ஒட்டுவதும் ஒருவகைத் திறனாய்வே என்பதைச் சட்டமும் ஏற்றது என்க.

இற்றை நிலை யாது? கைப்பேசியில் சில நொடிகளே ஓடும் நெடுக்குப் படங்கள். மெல்ல நகர்ந்து திடுமென விரையும் காட்சி, நடுங்கும் திரை, மின்னும் ஒளி. 'கேப்கட்' போலும் செயலிகளில் வெட்டும் விரைவும் மின்னலும் முன்னரே வார்த்து வைக்கப்பட்டுள்ளன. படத்தை இட்டால் போதும். அச் செயலியும் 'டிக்டாக்'கும் ஒரே நிறுவனத்தினின்று பிறந்தவை. முன்னர்க் கருவி தடுத்தது, கை எண்ணியது. இன்று கருவி தடுப்பதில்லை. ஆயின் எண்ணுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. திறமுடையார் இன்றும் உளர். புதிதாய் நுழைவார்க்குக் கதவு திறந்ததும் நன்றே. எனினும், ஆயிரம் கைகள் ஓர் அச்சில் வார்த்தால் ஆயிரம் கலை பிறவா, ஒன்றே ஆயிரமாகும்.

இதனின்று தமிழர் கொளத்தக்கது உண்டு. தொல்காப்பியம் வழிநூல் வகை நான்கனுள் தொகுத்தலை முதலில் வைத்தது. அகநானூற்றைப் பாடினோர் பலர். ஆயினும் அதன் 400 பாட்டுகளுள் ஒற்றையெண்கள் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல் என நிரல்பட அமைத்தவன் தொகுத்தோன். தொகுப்பு ஏவற்றொழில் அன்று. அறிவுத்தொழில் என்பதைத் தமிழன் என்றோ கண்டான்.

அத்தகையோன் வழிவந்த இளைஞர், இன்று திரைப்படக் காட்சிகளை இசைக்கேற்ப வெட்டி, அதனை 'எடிட்டு' என்கின்றனர். தொகுப்பு என்னும் சொல் கையிலிருக்கக் கடன்சொல் எதற்கு? 2020-இல் 'டிக்டாக்' இந்தியாவில் தடைப்பட்டது. அவர்கள் வேறோர் அயல் நிறுவனத்தின் செயலிக்கு மாறினர். அச்சு மாறிற்று, அச்சுக்கு ஆட்படுதல் மாறவில்லை.

கருவியை வெறுத்தல் பேதைமை. கருவிக்கு எண்ணத்தை ஒப்படைத்தல் அடிமைத்தனம். தமிழிளைஞர் தம் கருவிகளைத் தாமே ஆக்கக் கற்கவேண்டும். அவற்றின் ஒவ்வொரு விசைக்கும் தமிழ்ப்பெயர் இடவேண்டும். அதுவரையிலும், ஒரு வெட்டு வெட்டுமுன் ஏன் இவ்வெட்டு என்று வினவட்டும். சொல் தன்னதாயின் எண்ணம் தன்னதாகும். எண்ணம் தன்னதாயின் கை எவர் அச்சிலும் அடங்காது.