ஸ்டெப்னி

2004 ஜூலை 31. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, தன் நட்சத்திரம் கார்சியாபாராவைக் கைமாற்றிவிட்ட பரபரப்பில், அதே நாளில் வந்து சேர்ந்த டேவ் ராபர்ட்ஸை யாரும் பெரிசாகக் கண்டுக்கலை. அவுட்ஃபீல்டுக்கு ஒரு ஸ்டெப்னி! பதிலுக்குக் கொடுத்தது ஒரு மைனர் லீக் ஆட்டக்காரரை. நான் படித்த காமர்ஸில் இதைச் சில்லறைச் செலவு என்பார்கள்.

அக்டோபரில் யாங்கீஸிடம் வரிசையாக மூன்று தோல்வி. நாலாவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு ரன் பாக்கி. ஓடுவதற்கென்றே ராபர்ட்ஸை இறக்கினார்கள். மூன்று தடவை முதல் பேஸுக்கு எறிந்து மிரட்டினார் ரிவேரா. அசரலையே மனுஷன்! அடுத்த பந்தில் இரண்டாம் பேஸைத் திருடினார். முல்லர் அடித்ததும் வீடு வந்து சேர்ந்தார். ஆட்டம், தொடர், 86 வருஷம் காத்திருந்த கோப்பை, எல்லாம் பாஸ்டனுக்கு. அந்த வருஷ பிளேஆஃப் ஆட்டங்களில் ராபர்ட்ஸ் ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை.

டிக்கியில் கிடக்கிற வரைக்கும் ஸ்டெப்னி வெறும் பாரம்தான். நடுராத்திரி பஞ்சரானால்தான் சார், அதுவும் சக்கரம்!