சைலோ உச்சிக்கு ஆளை அனுப்பும் முன்

ஆலை நிர்வாகத்தாருக்கு,

அரியலூர் வட்டாரத்தில் உள்ள நம் சிமென்ட் ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். வாயால் சொன்னோம், லாக் புக்கில் எழுதினோம். பலனில்லாததால் இந்தத் திறந்த மடல்.

சைலோவில் சிமென்ட் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ரேடார் தப்பாகக் காட்டினால் வருகிற உத்தரவு ஒன்றே: “ஆளை மேலே அனுப்பித் துடைக்கச் சொல்.” ஏறுவது பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளி. மழை நாளில் ஏணி வழுக்கும். கூரையில் படிந்த சிமென்ட் சேறாகிக் கிடக்கும். அவர் துடைத்துவிட்டு இறங்குவார், அளவு சரியாகும். சில நாளில் மறுபடி அதே உத்தரவு.

தூசிதான் காரணம் என்று எல்லோரும் நம்புகிறீர்கள். பறக்கும் தூசியை ரேடார் அலை எளிதில் கடந்துவிடும். ஆன்டெனாவில் மெல்லியதாகப் படிந்த உலர்ந்த தூளையும் ஓரளவு தாங்கும். கெடுப்பது ஈரம். சூடான சிமென்ட் சைலோவுக்குள் விழுகிறது. இரவில், உச்சியில் ரேடாரைப் பொருத்தியுள்ள குழாயான நாசில் குளிர்ந்து உட்புறம் வியர்க்கிறது. அந்த நீரில் தூள் ஒட்டி இறுகுகிறது. அலை அங்கேயே பட்டுத் திரும்பினால், காலி சைலோவும் கன்ட்ரோல் ரூம் திரையில் நிறைந்ததாகத் தெரியும். திரும்பி வரும் எக்கோ தொலைந்து பழைய அளவே திரையில் நின்றுவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. நிறைந்த சைலோவுக்குள் மேலும் சிமென்ட் போய்க்கொண்டே இருக்கும். பேக் ஃபில்டர் அடைத்து, பிரஷர் வால்வு வழியே தூள் பீறிடும்.

இதைத் தடுக்கத்தான் ஆன்டெனாவின் ஹாரனுக்குள் காற்று ஊத பர்ஜ் லைன் இருக்கிறது. அதில் வர வேண்டியது ஈரமும் எண்ணெயும் இல்லாத காற்று. கம்ப்ரசரின் ட்ரையர் பழுதாகிக் கிடப்பதால் நமக்கு வருவது தண்ணீர் கலந்த காற்று. சிமென்ட் தூளின் மேல் அதை ஊதினால் என்ன ஆகும் என்று சிமென்ட் செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிப்பட்டதை உளி கொண்டு தட்டுகிறார்கள், ஹாரன் நசுங்குகிறது.

நாசிலும் தவறு. ஹாரனின் வாய் நாசிலைத் தாண்டிச் சைலோவுக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நீண்ட குழாயின் நடுவில் புதைந்திருக்கிறது. போதாததற்கு, சிமென்ட் விழும் வாய்க்குப் பக்கத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள்.

80 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வாங்கினால் எல்லாம் தீரும் என்கிறார்கள். நல்ல கருவிதான், கற்றை ஒடுக்கம், தட்டையான லென்ஸில் தூள் தங்குவதும் குறைவு. ஆனால் இதே நாசில், இதே ஈரக் காற்று இருந்தால் அதுவும் அடைபடும். எக்கோ வலுக் குறைவதைக் கீழிருந்தே பார்த்து, அளவு பிசகும் முன்பே தெரிந்துகொள்ளும் வசதி இப்போதுள்ள கருவியிலேயே இருக்கிறது. பார்க்க ஆளும் நேரமும் ஒதுக்கவில்லை.

உயரத்தில் வேலை செய்கிறவர் விழாதிருக்கத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32-வது பிரிவே அப்போதே சொல்லிவிட்டது. நம் சைலோக் கூரையில் கைப்பிடிக் கம்பி பாதி ஓரத்துக்குத்தான் இருக்கிறது.

ஐப்பசி மழைக்கு முன் ட்ரையரைச் சரிசெய்யுங்கள். அடுத்த ஷட்டவுனில் நாசிலைக் குட்டையாக்கி, விழும் வாயிலிருந்து தள்ளி வையுங்கள். கைப்பிடிக் கம்பியை முழுதாகப் போடுங்கள். அதுவரை, மழை பெய்யும்போது யாரையும் மேலே ஏறச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுத் தொழிலாளி