விட்டதைப் பிடிக்கும் ஆசை

சீட்டாடுகிறவர்கள் அதிகமாகச் சொல்லும் வாக்கியம் எது தெரியுமா? "ஜெயிச்சிட்டேன்" அல்ல. "விட்டதைப் பிடிச்சிட்டு எழுந்திருச்சிடறேன்" என்பதுதான்.

இரவு நேர நிகழ்ச்சி நடத்தும் எனக்கு இது பழகிப்போன வாக்கியம். தீபாவளி நெருங்கும் வாரங்களில் பாட்டுக் கேட்க அழைக்கும் நேயர்கள் சிலர், பாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு மெல்லப் பேச்சை வேறு பக்கம் திருப்புவார்கள். போன வருடம் அப்படி அழைத்தவர் ஜாசின் பக்கத்தைச் சேர்ந்த ஒரு லாரி ஓட்டுநர். கைப்பேசியில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆயிரத்து இருநூறு வெள்ளி போயிடுச்சு. இப்ப நிறுத்தினா போனது போனதுதான். கையில இன்னும் ஐந்நூறு இருக்கு. நிதானமா ஆடினா பிடிச்சிடலாம்."

அந்த ஐந்நூறு எதற்காக வைத்திருந்த பணம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பிள்ளைங்க பள்ளிக்கூட பஸ் காசு" என்றார்.

சூதாடாதே என்று சொல்லிவிடுவது எளிது. வள்ளுவர் 94-ஆவது அதிகாரம் முழுவதையும் சூதுக்கே ஒதுக்கியிருக்கிறார். இருந்தும் தீபாவளி இரவில் தோட்டத்து வீடுகளிலும் தாமான் வீடுகளிலும் பாய் விரித்துச் சீட்டுக்கட்டைப் பிரிக்கத்தான் செய்கிறோம். அதனால் இன்று ஆட்டத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். தோற்றுக்கொண்டிருக்கும்போது விவரமான ஆட்டக்காரர் என்ன செய்கிறார்?

போக்கரில் பரவலாக ஆடப்படும் வகையில் முதலில் கைக்கு இரண்டு சீட்டு வரும். இரண்டும் ஏஸாக வருவது 221 கைகளுக்கு ஒரு முறைதான். அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எதிரில் இருப்பவரிடம் இரண்டு கிங் இருக்கிறது, இருவரும் மொத்தப் பணத்தையும் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ் வைத்திருப்பவர் ஐந்தில் ஏறக்குறைய நான்கு முறை ஜெயிப்பார். மீதி ஒரு முறை, எந்தத் தப்பும் செய்யாமலே தோற்பார்.

இங்கேதான் நிதானம் தேவைப்படுகிறது. விவரமானவர் "எவ்வளவு போச்சு?" என்று கேட்பதில்லை. "எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நான் எடுத்த முடிவு சரியா?" என்று கேட்கிறார். சரி என்றால், தோற்றாலும் ஆடும் முறையை மாற்றமாட்டார். தவறு என்றால் திருத்திக்கொள்வார். எது என்றே புரியவில்லை, காது சூடாகிறது, எதிராளி மேல் கோபம் வருகிறது என்றால் எழுந்துவிடுவார்.

இந்தக் கோபத்துக்குப் போக்கர்க்காரர்கள் 'டில்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய பின்பால் இயந்திரத்திலிருந்து வந்த சொல். பந்து விழப்போகிறதே என்று பெட்டியைப் பிடித்து உலுக்கினால் 'டில்ட்' என்று விளக்கு எரியும். அதோடு பொத்தான்கள் வேலை செய்யாது, அந்தப் பந்து போச்சு. மனிதனும் அப்படித்தான். உலுக்க ஆரம்பித்தவுடன் கையில் எதுவும் நிற்காது.

இன்னொன்று. சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் கிடையாது. "பத்து கை தோற்றுவிட்டேன், பதினொன்றாவது வந்தே தீரும்" என்று நாம் கணக்குப் போடலாம். கலைத்துப் போட்ட கட்டுக்கு நமது பத்துத் தோல்வியும் தெரியாது, பஸ் காசும் தெரியாது.

இந்தப் பாடம் மலாக்காக்காரர்களுக்குப் புதிதல்ல. மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் 1896-இல் டான் சே யான் நமது புக்கிட் லிந்தாங்கில் போட்டதுதான். பால் மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு மழை நாள் என்றால் வெட்டு இல்லை, வருமானம் இல்லை. அதை ஈடுகட்ட மறுநாள் கத்தியை ஆழமாக இறக்கினால் என்ன ஆகும்? மரம் காயப்படும், புதுப்பட்டை ஒழுங்காக வளராது, அடுத்த சுற்றில் பாலும் குறையும். ஆகவே மழையில் போனதைப் போனதாகவே விட்டுவிட்டு, மறுநாளும் அதே அளவுக்குத்தான் வெட்டினார்கள்.

அண்மைய உதாரணமும் நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலக சதுரங்க வெற்றியாளர் போட்டி. சென்னைப் பையன் குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களோடு ஆடி, டிங் லிரனிடம் தோற்றார். சதுரங்கத்தில் சீட்டைப் போல அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, ஆனால் தோற்றவன் மனம் ஒன்றுதான். மறுநாள் கறுப்புக் காய்கள். விட்டதை உடனே பிடிக்கப் பாயாமல் அமைதியாக டிரா செய்தார். மூன்றாவது ஆட்டத்தில் ஜெயித்துச் சமன் செய்தார். 11-ஆவதில் ஜெயித்து முன்னே போனவர் 12-ஆவதில் மீண்டும் தோற்றார். அடுத்த ஆட்டம் மறுபடியும் டிரா. டிசம்பர் 12-ஆம் தேதி, 14-ஆவது ஆட்டத்தில், டிங் 55-ஆவது நகர்த்தலில் தவறு செய்யும்வரை பொறுமையாக ஆடிக்கொண்டே இருந்தார். 18 வயதில் உலக வெற்றியாளர்.

தருமர் செய்தது நேர்மாறு. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பந்தயத்தைக் கூட்டினார். செல்வம், நாடு, தம்பிகள், தான், கடைசியில் பாஞ்சாலி. எதிரில் உருட்டுவது சகுனி என்று தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியில் ஆடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். உரிமம் இல்லாத செயலியில் எதிரே இருப்பது யார், சீட்டைக் கலைப்பது யார் என்று உங்களுக்குத் தெரியுமா? ஏமாந்தால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? நம் நாட்டில் அது சட்ட விரோதமும்கூட.

அந்த நேயரிடம் அன்றிரவு நான் சொன்னது இவ்வளவுதான்: "ஆயிரத்து இருநூறு போனது நேற்றுக் கணக்கு அண்ணே. ஐந்நூறு நாளைக் கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போடாதீங்க."

இந்தத் தீபாவளிக்குப் பாயில் உட்காருகிறவர்கள், போனாலும் பரவாயில்லை என்கிற தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். மீதியை மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள். எழுந்திருக்கும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோற்கும்போது பந்தயத்தைக் கூட்டாதீர்கள். யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள், ஆலோங் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஏற்கெனவே வங்கிக் கடனும் கடன் அட்டையும் கழுத்தை நெரிக்கிறது என்றால், ஏகேபிகே அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள். வெட்கப்படாமல் போய்ப் பாருங்கள்.