தூக்குமரத்தைச் சூழ்ந்த முள்வேலி

'முகாம்' என்னும் சொல் கல்லூரி வாழ்வில் நமக்கு இனியது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம், குருதிக்கொடை முகாம், கண் மருத்துவ முகாம் என்று அதனைத் தொண்டோடு சேர்த்தே பயில்கின்றோம். குற்றமற்ற மக்களைக் கூட்டங்கூட்டமாய் அடைத்து வைத்த முள்வேலிகளுக்கும் அதே சொல்தான் வழங்குகின்றது.

லிபிய வீரர் உமர் முக்தாரின் பெயரை நம்மில் பலர் அறிவோம். திருக்குர்ஆன் கற்பிக்கும் ஆசிரியராய் விளங்கி, எழுபது வயதுக்குப் பின்னும் இத்தாலிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்ட அப்பெருமகனார், 1931 செப்டம்பர் 16 அன்று சுலூக்கில் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சுலூக் எத்தகைய இடம் என்று நாம் கேட்டதுண்டா? அதுவும் ஒரு தடுப்பு முகாமே. முகாம்களில் அடைபட்டிருந்தோர் ஏறத்தாழ 20,000 பேர் அக்கொடுங்காட்சியைக் காணுமாறு நிறுத்தப்பட்டனர். வீரரை நினைவில் வைத்த நாம், சூழ நின்ற அவர்களை மறந்துவிட்டோம்.

போராளிகளுக்குத் தானியமும் செய்தியும் தந்தவர்கள் மலைப்பகுதி மக்களே. ஆகவே மீனை ஒழிக்கக் குளத்தையே வற்றச் செய்யத் துணிந்தனர் ஆளுநர் படோலியோவும் தளபதி கிராட்சியானியும். 1930 இல் கிழக்கு லிபியாவின் பசுமலைப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 1,00,000 பேர், பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக, கால்நடைகளுடன் பாலைநிலத்திற்குத் துரத்தப்பட்டனர். சுலூக், அல்-மக்ரூன், அல்-அகைலா போன்ற இடங்களில் முள்வேலிகள் எழுந்தன. பசியும் நோயும் மக்களை மாய்த்தன. மேய்ச்சலின்றி மந்தைகள் அழிந்தன. மாண்டோர் 40,000 பேர் அல்லது அதற்கும் மேல் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு.

இக்கொடுமைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கிராட்சியானி 1950 இல் தண்டனை பெற்றது நாஜிகளுடன் ஒத்துழைத்த குற்றத்திற்கே. 2012 இல் இத்தாலியின் அஃபிலே என்னும் ஊரில் அவருக்கு நினைவகமே எழுப்பினர்!

ஆள்வோர் மறைத்ததை மக்களின் நாவே காத்தது. அல்-அகைலாவில் அடைபட்டிருந்த ரஜப் புஹ்வைஷ் என்னும் புலவர், முகாமின் துயரைப் பாட்டாய் யாத்தார். அப்பாட்டு வாய்மொழியாய்ப் பரவி, இன்றும் லிபிய மக்களின் நெஞ்சில் வாழ்கின்றது. இலக்கியம் பயில்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒருவர் செய்த குற்றத்தின் சுமையை மற்றவர் மீது ஏற்றலாகாது என்பது இஸ்லாம் வகுத்த நெறி. "இவன் என்ன செய்தான்?" என்று கேட்பது நீதிமன்றம், "இவன் எந்தக் கூட்டத்தான்?" என்று மட்டும் கேட்பது முள்வேலி. போயர் மக்களை அடைத்த ஆங்கிலேயரும், யூதரை அழித்த நாஜிகளும் இரண்டாம் கேள்வியையே கேட்டனர். அடைபட்டோர் நம்மவர் எனில் கண்ணீர் வடித்து, பிறர் எனில் வாளாவிருப்போமாயின், நாம் கற்ற கல்வியால் ஆய பயன் யாது? அடைப்பவர் நம் சமயத்தவரே ஆயினும் தவறு தவறே என்று உரைக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

மாணவச் செல்வங்களே! ஒரு கூட்டத்தார் அனைவரையும் ஒரே சொல்லால் குற்றவாளிகளாக்கும் பேச்சை எங்குக் கேட்பினும், அதே முதல் கேள்வியைக் கேளுங்கள். முள்வேலி முதலில் முளைப்பது பாலையில் அன்று, பேச்சில்தான்.