கட்டிலுக்கு அடியில்

தாய்மார்களே, ஒரு காரியம் செய்யுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துபோய் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். மூடி தொலைந்த மைலோ டின் நான்கு, ஜோடியில்லாத சப்பாத்து ஒன்று, உரச்சாக்கில் கட்டிய பழந்துணி, போன தீபாவளிக்கு முந்திய தீபாவளியில் நின்றுபோன மின்விசிறி, யார் வீட்டுக் கல்யாணத்திலோ வாங்கிவந்து அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடக்கும் எவர்சில்வர் கிண்ணம். இவற்றில் பாதியாவது அங்கே இல்லையென்றால் நீங்கள் கெட்டிக்காரி. தாராளமாய் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

மற்றவர்கள் இருங்கள். உங்களைச் சோம்பேறி என்று சொல்ல நான் வரவில்லை. இருட்டோடு எழுந்து உலை வைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, பிரட்டுக்கு ஓடி, வெயிலில் காய்ந்து திரும்பும் பெண்ணை அப்படிச் சொல்ல எவருக்கும் வாய் வராது. வீட்டில் சாமான் அடைவதற்கும் சோம்பலுக்கும் அதிகச் சம்பந்தம் இல்லை என்பதே என் கருத்து. நாளைக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நிச்சயமாகத் தெரியாதவர்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த நிச்சயம் நம் தோட்டத்து மக்களுக்கு எப்போது இருந்தது, சொல்லுங்கள்?

ஜப்பான்காரன் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 முதல் 1945 வரை துணி கிடைக்காமல் கோணிச்சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். அரிசி இல்லாமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்றார்கள். சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். வாழைமர நோட்டைச் சிறுகச் சிறுகச் சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தவர்களுக்கு, 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அது வெறும் காகிதம். சேர்த்த காசு காகிதமாயிற்று. எறியாமல் வைத்த சாக்கு மானத்தைக் காத்தது. இதைக் கண்ணால் கண்ட பாட்டியிடம் போய்ச் சாக்கை எறி என்றால் எறிவாரா? சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்ற பழமொழியை நாம் புத்தகத்தில் படித்தோம். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அதன் பிறகாவது நிம்மதி உண்டா? 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அப்போது வயிறு கலங்கும். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதைக் கண்டுதான். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது எத்தனையோ குடும்பங்கள் ரஜூலா கப்பல் ஏறிப் போயின. அம்மியையும் அண்டாவையும் கப்பலில் ஏற்ற முடியுமா? "வச்சிருங்க, வந்து எடுத்துக்கிறோம்" என்று பக்கத்து வீட்டில் விட்டுப்போனவர்கள் உண்டு. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வீடு வந்தது. எந்த நேரமும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்று வாழ்பவர், கட்டுகிற கயிற்றையும் சாக்கையும் எறியமாட்டார். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போய் இருபது வருஷம் ஆன வீட்டிலும் அந்தக் கயிறு இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

இதோடு வீட்டின் அளவும் சேர்ந்துகொள்கிறது. லயத்து வீட்டைக் கட்டியவர்கள் மனிதர் படுக்க இடம் விட்டார்கள். சாமான் வைக்க இடம் விடவில்லை. அதனால் கட்டிலுக்கு அடியில் நிரம்பியது அஞ்சடிக்கு வருகிறது. அஞ்சடி நிரம்பினால் கொல்லைக்குப் போகிறது. தவணையில் புது சோபா வந்தாலும் பழைய சோபா வீட்டை விட்டுப் போவதில்லை, ஓர் இடம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறது.

சாமி படம் போட்ட காலண்டர் விஷயம் தனி. மளிகைக் கடையில் வருஷா வருஷம் கொடுக்கிறார்கள். முருகனை எப்படிக் குப்பையில் போடுவது? ஆகவே அலமாரிக்குப் பின்னால் ஏழு வருஷத்து முருகன்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். தேதித் தாளைக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடக் கொடுங்கள். படத்தைக் கோயிலில் சேர்த்துவிடுங்கள். (பூசாரி வீட்டு அலமாரிக்குப் பின்னால் எத்தனை முருகன் என்று நான் கேட்டதில்லை.)

இதுவரை சொன்னவை இடத்தை அடைப்பவை. கொல்லையில் கிடப்பவை ஆளை அடிப்பவை. பால் வெட்டாத நாளிலிருந்து குவிந்து கிடக்கும் மங்கு, பழைய டயர், பெயின்ட் வாளி, இவற்றில் மழைத்தண்ணீர் ஒரு கரண்டி நின்றால் போதும். ஏடிஸ் கொசு அதில் முட்டையிட்டு ஏழு முதல் பத்து நாளில் புதுக் கொசு பறந்துவிடும். இரத்தக் கசிவு டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலில் 1962இல் பினாங்கில் பரவியது. 1973இல் பெரிதாக வந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. கொசு வளர இடம் கொடுப்பவர்களுக்கு அபராதம் போட 1975இல் சட்டமே வந்தது. ஒன்றை மட்டும் பலர் அறிவதில்லை. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. அதன் முட்டை மங்கின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். வைத்துக்கொள்ள வேண்டிய பாத்திரமானால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். வேண்டாததானால் பழைய சாமான் லோரிக்குக் கொடுங்கள். 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டு வருகிறதே, அதே லோரிதான்.

களைக்கொல்லி மருந்து வந்த கலன் மட்டும் லோரிக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே வீட்டுக்கு வந்த கலன்கள் தடைக்குப் பயந்து ஓடிவிடவில்லை. கெட்டியான கலன் என்று அதில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் வாயில் வைக்கும் எதையும் ஊற்றாதீர்கள். வேறு யாரும் எடுத்து உபயோகிக்காதபடி ஓட்டை போட்டுத் தோட்டத்து ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயம். முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மாரில் சிலர் ஒரு பிளாஸ்டிக் பையோடு வருவார்கள். பிறப்புப் பத்திரம் எங்கே அம்மா என்றால் பையை மேசைமேல் கவிழ்ப்பார்கள். பத்து வருஷத்துக் கரண்ட் பில், கிளினிக் சீட்டு, திருவிழா நோட்டீஸ், பரிசு விழாத நாலு நம்பர் சீட்டு எல்லாம் விழும். எட்டாக மடித்து மடிப்பெல்லாம் கிழிந்த பிறப்புப் பத்திரமும் சில சமயம் விழும். சில சமயம் விழாது. "எல்லாத்தையும் பத்திரமாத்தான் வச்சிருக்கேன் டீச்சர். ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போட்டதில்ல" என்பார் அந்த அம்மா.

அவர் சொல்வது உண்மை. எழுதப் படிக்கத் தெரியாத, அல்லது தமிழில் இரண்டு மூன்று வகுப்போடு நின்றுவிட்ட ஒருவருக்கு, மலாயில் அச்சடித்து முத்திரை குத்திய காகிதம் எல்லாமே சர்க்கார் காகிதம்தான். எது உயிர், எது குப்பை என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? எறியப் பயந்து எல்லாவற்றையும் வைத்தார். வைத்ததே வேண்டியதை மூடிவிட்டது.

அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளியில் சேர்க்க அது வேண்டும். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்க அது வேண்டும். பதிவு இலாகாவில் நகல் வாங்கலாம். அதற்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். பிள்ளையின் பத்திரம் மட்டும் போதாது. இங்கே பிறந்தாலே குடிமகன் என்ற நிலை 1962இல் மாறிவிட்டது. தாய் தகப்பன் காகிதத்தையும் பார்க்கிறார்கள். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இருந்த காலமும் 1982 மார்ச் 1ஆம் தேதியோடு போயிற்று. அன்று முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாயிடம் நீலக் கார்டு இல்லையென்றால் பிள்ளை எந்த நாட்டுக்காரன் என்று கேட்கிறார்கள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு முழுவதையும் கவிழ்க்க வேண்டாம். அப்படிக் கவிழ்த்தால் மாலைக்குள் களைத்துப்போய் எல்லாவற்றையும் மறுபடி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவோம். காகிதப் பையை மட்டும் எடுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது நன்றாக வரும். மலாய்ப் பாடமும் ஆகும். ஒவ்வொரு தாளையும் உரக்கப் படிக்கச் சொல்லி, என்ன தாள் என்று பாட்டியும் கேட்கும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறப்பு, திருமண, மரணப் பத்திரங்கள், அடையாளக் கார்டு நகல்கள், ஊழியர் சேமநிதி, சொக்சோ தாள்கள், பிள்ளைகளின் கிளினிக் புத்தகம், பள்ளிச் சான்றிதழ்கள், வீட்டுக் கடன் தாள் இருந்தால் அது. இவை ஒரு பக்கம். இறந்தவர் காகிதம்தானே என்று எதையும் ஒதுக்காதீர்கள். சேமநிதிப் பணம் கேட்டுப் போகும் விதவையிடம் முதலில் கேட்பது மரணப் பத்திரத்தைத்தான். பணம் கட்டி முடித்த பழைய பில், நோட்டீஸ், சீட்டு எல்லாம் மறு பக்கம். சந்தேகமானதைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள், படித்துச் சொல்கிறோம்.

சில பொருள்களை எறியச் சொல்ல எனக்கு மனம் வராது. கணவர் வைத்திருந்த பால் வெட்டும் கத்தி, தலைவிளக்கு, காண்டாக் கம்பு இவற்றுக்கு உபயோகம் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. துடைத்து எண்ணெய் தடவி, பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் மாட்டி வையுங்கள். வாழைமர நோட்டு இருந்தாலும் அப்படியே. அதைக் கொண்டு வந்தால் வகுப்பில் ஒரு சரித்திரப் பாடம் நடத்துவேன்.

பிரித்தெடுத்த காகிதங்களை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் வைத்து மூடுங்கள். கரையான் ஏறாத உயரத்தில் இருக்கட்டும். டின்னின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். எழுத்துத் தெரியாத பாட்டிக்கு ஒரு சிவப்பு நாடா கட்டி அடையாளம் காட்டுங்கள். டின் இருக்கும் இடம் பாட்டிக்கும் தெரியட்டும், பெரிய பிள்ளைக்கும் தெரியட்டும்.