கோப்பை வென்ற பயிற்சியாளர் விலகியது ஏன்?

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்துக்கு மவுசு அதிகம். அதில் பேர் பெற்ற பயிற்சியாளர் டோனி பென்னெட். 2024 அக்டோபரில் அவர் திடீர் என்று விலகினார். அப்போது அவருக்கு வயது 55. பந்தயங்கள் தொடங்க சுமார் 3 வாரமே இருந்தது!

தந்தை வழி

பென்னெட்டின் தந்தை டிக் பென்னெட்டும் பயிற்சியாளர்தான். கல்லூரியில் தந்தையிடமே மகன் ஆட்டம் பழகினார். 2009-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஆனார். 15 ஆண்டில் அவருடைய கோஷ்டி 364 ஆட்டங்களில் வென்றது.

அவருடைய முறை எளிது. எதிரியைப் பந்து போட விடாதே. பொறுமையாக ஆடு. ஆனால் இதைக் கற்க நாள் பிடிக்கும். மாணவன் 3, 4 ஆண்டு தங்கினால்தான் கைவரும்.

தோல்வியும் வெற்றியும்

2018 தேசியப் போட்டியில் வர்ஜீனியாவை எல்லோருக்கும் மேலாக, முதல் தரத்தில் வைத்தார்கள். கடைசித் தரத்தில் இருந்த ஒரு கோஷ்டி அதை 74-54 என்று தோற்கடித்தது! ஆண்கள் போட்டியில் முதல் தரக் கோஷ்டி இப்படித் தோற்றது அதுவே முதல் தடவை.

பென்னெட் மனம் தளரவில்லை. அடுத்த ஆண்டே, 2019-ல், வர்ஜீனியா கோப்பையை வென்றது. சம்பளத்தை உயர்த்த முன்வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார். உதவியாளர்களுக்குக் கொடுங்கள் என்றார்.

பணம் வந்தது

2021-ல் விதி மாறியது. மாணவர்கள் தங்கள் பேரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம். 2024-ல் இன்னொரு மாற்றம். படிப்பில் குறை இல்லாத மாணவர், ஆடாமல் காத்திருக்காமலே எத்தனை தடவையும் கல்லூரி மாறலாம். இந்த வருஷம் இங்கே, அடுத்த வருஷம் அங்கே!

2025-ல் கல்லூரிகளே மாணவர்களுக்குப் பணம் கொடுக்க கோர்ட்டு அனுமதித்தது. முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம்.

எது நியாயம்?

மாணவர் பணம் பெறுவது தவறா? தவறு இல்லை என்றே பென்னெட்டும் சொன்னார். டிக்கெட்டிலும் டெலிவிஷனிலும் பணம் குவிந்தது. பயிற்சியாளர்களுக்குப் பெரிய சம்பளம் கிடைத்தது. வியர்வை சிந்திய மாணவனுக்கோ படிப்புச் செலவு தவிர அதிகம் கிடைக்கவில்லை. ஏழைப் பையன் வீட்டுக்குப் பணம் அனுப்பினால் யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் ஆண்டுதோறும் பேரம் பேசி ஆள் சேர்ப்பது பென்னெட்டுக்கு ஒத்து வரவில்லை. இந்தப் புதிய நிலைமைக்கு தாம் ஏற்றவர் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லி விலகினார்.

உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். கற்பவனுக்குப் பொறுமையும் வேண்டும். இரண்டுக்கும் இடம் தருவதே நல்ல விதி.