அட்டையில் கட்டுண்ட பெண்



1930-களில் அமெரிக்கக் கடைகளில் தொங்கிய மலிவுத்தாள் கதை இதழ்களின் அட்டைப்படங்கள் இன்று ‘பழங்காலக் கலை’ என்னும் பெயரோடு கைப்பேசிகளில் வலம்வருகின்றன. அவற்றின் மூல ஓவியங்கள் ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன. கலை என்று சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும் என்று நம் வாலிபர் சிலரும் எண்ணுகிறார்கள். முடியாது.

‘வியர்ட் டேல்ஸ்’ என்ற இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1932 முதல் அதற்கு அட்டை வரைந்தவர் மார்கரெட் பிரண்டேஜ். வண்ணக்கட்டிகளால் அவர் தீட்டிய மேனியின் ஒளியை நானும் மறுக்கமாட்டேன், தேர்ந்த கைதான். ஆனால் அந்தக் கை தீட்டியது எதை? ஆடை குலைந்த பெண், ஓங்கிய சாட்டை, அச்சத்தில் விரிந்த கண்கள். அட்டை ஒன்றுக்கு 90 டாலர். மகனையும் நோயுற்ற தாயையும் காக்கவேண்டியிருந்த அவர்மேல் கல்லெறிய எனக்கு மனமில்லை. என் வழக்கு அதைக் கேட்டு வாங்கியவர்களோடு. அட்டையில் இடம்பிடிக்கவென்றே எழுத்தாளர் சிலர் அத்தகைய காட்சியைக் கதைக்குள் செருகினார்கள். கதைக்குப் படம் என்பது போய், படத்துக்குக் கதை! தேவசாயலில் சிருஷ்டிக்கப்பட்டவளின் நடுக்கம் 25 சென்ட் சரக்காயிற்று.

சட்டத்தால் தடுத்திருக்கலாமே என்பீர்கள். நியூயார்க் மேயர் லா கார்டியா இவ்வகை இதழ்களை நெருக்கத்தான் செய்தார். விளைவு? ‘ஸ்பைசி’ என்று தொடங்கிய இதழ்கள் 1943-இல் ‘ஸ்பீட்’ என்று பெயர் மாற்றி, ஆடையைச் சற்றே கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பின. பாத்திரத்தின் வெளிப்புறத்தைச் சுத்திகரித்த பரிசேயரின் வேலைதான். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் நியாயத்தீர்ப்புக்கு நிறுத்தியது பார்க்கிறவனுடைய இருதயத்தை. அதை எந்த மேயராலும் தொட முடியவில்லை.

இது யாரோ அந்நியரின் பழைய பாவம் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். கடைசிக்காலத்தைப் பற்றிய காணொளிகளின் முகப்புப்படங்களைக் கவனித்தீர்களா? தீப்பிழம்பு, இரத்தச் சிவப்பு எழுத்து, அலறும் பெண்முகம். திறந்து பார்த்தால் உள்ளே அந்தக் காட்சியே இராது. அதே வியாபாரம், நம் ஆண்டவரின் பெயரால். இச்சையை விற்றால் முகம் சுளிக்கிற நாம், திகிலை விற்றால் ‘ஆமென்’ எழுதிப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். ஆத்தும ஆதாயத்துக்காக என்று சொல்லாதீர்கள். பயமுறுத்திப் பார்வையாளரைச் சேர்க்கலாம், சீஷரைச் சேர்க்க முடியாது.

அடுத்த முறை அப்படியொன்றைச் சபைக் குழுவுக்கு அனுப்புமுன், முதலில் அதை முழுவதும் பாருங்கள். பிறகு, முகப்பில் அலறுகிற அந்தப் பெண் யார், அவளிடம் எவராவது அனுமதி கேட்டார்களா என்று விசாரியுங்கள்.